இணைப்பு விமானத்துக்குக் காத்திருக்கையில்: விமான நிலைய லவுஞ்சுகளில் ஒன்பது ஆண்டுகள்

வேலை நிமித்தமாக ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறையாவது இடையில் விமானம் மாறிப் பயணம் செய்ய வேண்டியிருப்பதால், கடந்த ஒன்பது ஆண்டுகளில் விமான நிலைய லவுஞ்சுகளில், அதாவது உணவும் இருக்கையும் தரும் தனிக் காத்திருப்புக் கூடங்களில், நான் கழித்த நேரத்தைக் கூட்டினால் சில வாரங்கள் தேறும். தொடக்கத்தில் எங்கே எத்தனை வகை உணவு வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் குறித்து வைத்தேன். இப்போது குறிப்பேட்டில் முதலில் எழுதுவது நான் உள்ளே நுழைந்த நேரத்தை. ஒரே லவுஞ்ச் விடியற்காலையில் ஒரு விதமாகவும் நண்பகலில் முற்றிலும் வேறு விதமாகவும் இருப்பதைப் பலமுறை கண்ட பிறகு, நேரத்தைச் சொல்லாத ஒப்பீடு எதற்கும் உதவாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

இதற்குக் காரணம் விமானங்களின் கால அட்டவணை. துபாய், தோஹா போன்ற பெரிய மாற்று மையங்களில் பல திசைகளிலிருந்தும் விமானங்கள் அடுத்தடுத்து வந்திறங்கி, பயணிகள் இடம் மாறியதும் மீண்டும் அடுத்தடுத்துப் புறப்படும்படி அலை அலையாக நேரம் ஒதுக்குகிறார்கள். அலை வரும் நேரத்தில் லவுஞ்சில் உட்கார இடம் கிடைப்பதே அரிது. ஆனால் அந்த நேரத்தில்தான் உணவு நன்றாக இருக்கிறது; பாத்திரங்கள் விரைவாகக் காலியாவதால் சமையலறையிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. அலை ஓய்ந்த பின் விரும்பிய நாற்காலி கிடைக்கும், அமைதியும் கிடைக்கும்; உணவோ இரண்டு மணி நேரத்துக்கு முன் வைத்ததாக இருக்கும். நல்ல சாப்பாடும் நல்ல ஓய்வும் ஒரே வேளையில் வாய்த்த இடங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உணவைப் பொறுத்தவரை, நான் வகைகளை எண்ணுவதை விட்டுவிட்டுச் சூட்டைப் பார்க்கிறேன். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மூடியைத் திறந்ததும் ஆவி எழாத பாத்திரத்தை நான் தொடுவதில்லை. பொரித்த பண்டங்கள் மூடிக்குள் சுழலும் ஆவியிலேயே பதம் கெட்டுத் துவண்டுபோகும். சூப்பும் குழம்பு போன்ற நீர்த்த பதார்த்தங்களும் அதே சூட்டில் நெடுநேரம் தாங்கும். முட்டையையோ நூடுல்ஸையோ கேட்ட பிறகு சமைத்துத் தரும் ஒரே ஒரு மேடை இருந்தாலும், முப்பது பாத்திரங்கள் வரிசையாக அடுக்கிய லவுஞ்சைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

யார் நடத்தும் லவுஞ்ச் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப்தான் இவ்வகை லவுஞ்சுகளின் முன்னோடி. அக்காலத்தில் அழைப்பு பெற்ற சிலருக்கு மட்டுமே அது திறந்திருந்தது. இன்று நிலைமை தலைகீழ். எந்த விமானத்தில் பறந்தாலும் லவுஞ்சுக்குள் நுழைய வழிசெய்யும், 1992இல் தொடங்கப்பட்ட பிரையாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் திட்டங்களும் அவற்றை இலவசமாக இணைத்துத் தரும் கிரெடிட் கார்டுகளும் சேர்ந்து, விமான நிறுவனங்களைச் சாராத பொது லவுஞ்சுகளின் வாசலில் வரிசை நிற்கும் நிலையைக் கொண்டுவந்துவிட்டன. இத்தகைய லவுஞ்சுகளுக்கு ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று திட்டத்தின் தரப்பிலிருந்து பணம் வருகிறது. அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டியிருப்பதால்தான் சோறு, பாஸ்தா, ரொட்டி ஆகியவை தாராளமாகவும், பழங்களும் முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளும் சிக்கனமாகவும் வைக்கப்படுகின்றன என்பது என் ஊகம். விமான நிறுவனங்கள் தம் உயர்வகுப்புப் பயணிகளுக்காக நடத்தும் லவுஞ்சுகளில் இந்தக் கணக்கு வேறு. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு போன்ற தகுதி இருந்தால் எகானமி வகுப்பில் பயணிப்பவரும் அவற்றுக்குள் நுழையலாம். அடிக்கடி பறப்பவர், கிரெடிட் கார்டுகளைச் சேர்ப்பதைவிட ஒரே கூட்டணியில் பயணங்களைச் சேர்ப்பது மேல் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

பொது லவுஞ்சுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அடுத்த விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பாக யாரையும் பலவற்றில் அனுமதிப்பதில்லை. ஏழு மணி நேர இடைவெளியில், கண் திறக்க முடியாத களைப்போடு போய் நின்ற என்னை, நான்கு மணி நேரம் கழித்து வருமாறு ஓரிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு ஓய்வு தேவைப்பட்டது அந்த நான்கு மணி நேரத்தில்தான். நிபந்தனையைப் படிக்காதது என் தவறு என்றாலும், நீண்ட காத்திருப்புக்காகவே உள்ள ஓரிடம் நீண்ட காத்திருப்பவரை ஏற்க மறுப்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பானங்களில் எனக்கு முதன்மையானது தண்ணீர். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால், இறங்கியவுடன் இரண்டு குவளை தண்ணீரும் ஏறுவதற்கு முன் இரண்டு குவளையும் குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பாட்டிலை நிரப்பிக்கொள்ளும் முன், வாயிலுக்குப் போகும் வழியில் மீண்டும் பாதுகாப்புச் சோதனை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2006 முதல் நடைமுறையில் உள்ள 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு இன்னும் பல இடங்களில் நீங்கவில்லை. காபி பெரும்பாலும் இயந்திரத்தைப் பொறுத்ததே. கொட்டையை அப்போதைக்கப்போது அரைக்கும் இயந்திரம் இருந்தால் குடிக்கலாம். இல்லையென்றால் தேநீர்ப் பையும் வெந்நீரும் ஏமாற்றாது. இலவச மதுவுக்காகவே லவுஞ்ச் தேடுவோரும் உண்டு. விமான அறைக்கு நிகரான குறைந்த காற்றழுத்தத்தில் மது அருந்திவிட்டு உறங்கியவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்து இதயத்துடிப்பு கூடியதாக, 2024இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. இரவு விமானத்துக்கு முன் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வசதி என்று வரும்போது, குளியலறைக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். பதினான்கு மணி நேரப் பயணத்துக்குப் பின் பத்து நிமிட வெந்நீர்க் குளியல் தரும் தெளிவை எந்த உணவு வரிசையும் தந்ததில்லை. உள்ளே நுழைந்ததும் தட்டை எடுக்காமல் குளியலறைக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும். அலை நேரத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம். அடுத்து நாற்காலி. சோபாக்களும் முழங்கால் உயர மேசைகளும் பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அவற்றில் குனிந்து சாப்பிட்டு எழுந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். கால் நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலிகள் எங்கும் குறைவாகவே உள்ளன. இருப்பவற்றிலும் சில தட்டுகள் சேகரிக்கும் வண்டி போகும் பாதையிலேயே போடப்பட்டிருக்கும். வடிவமைத்தவர் அங்கே ஒரு நாளாவது தூங்கிப் பார்த்திருக்க மாட்டார் போலும். பிளக் பாயிண்ட் இருந்தும் மின்சாரம் வராத இருக்கைகள் ஏராளம் என்பதால், பையை வைக்கும் முன் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுகிறேன். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்புகள் ஒலிப்பதில்லை. தூங்குவதற்கு அது வரம்தான், ஆனால் கைப்பேசியில் அலாரம் வைக்க மறந்தவருக்கு விமானமே போய்விடக்கூடும்.

இப்போது ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமானால், கூட்டமான நேரத்திலேயே நின்றுகொண்டாவது சாப்பிட்டு, குளித்து முடித்து, அலை ஓய்ந்ததும் கிடைக்கும் நாற்காலியில் படுத்துவிடுகிறேன். மூன்று நான்கு மணி நேரம் என்றால் குளியலும் சூப்பும் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் லவுஞ்ச் பக்கமே போகாமல், புறப்பாட்டு வாயிலுக்கு அருகே ஆளில்லாத வரிசையாகப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.