உறைகிணறும் வண்டல் தொட்டியும்: மடிப்பாக்கம் வீட்டில் சில ஆண்டுகளின் அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மழைநீருக்காக உறைகிணறு இறக்கிச் சில பருவமழைகள் கடந்துவிட்டன. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் தெருவில் பலர், மொட்டைமாடிக் குழாயை ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு குழியில் இறக்கிவிட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். மேல்மண் களியாக இருக்கும் இடத்தில் அத்தகைய குழி விரைவில் வண்டலடைத்துப் போய், நீரை உள்வாங்காமல் தெருவுக்கே திருப்பி அனுப்பிவிடும். அதனால் 3 அடி விட்டமுள்ள துளையிட்ட கான்கிரீட் உறைகளை, களியைத் தாண்டி மணல் தட்டுப்படும்வரை, 15 அடி ஆழத்துக்கு இறக்கினோம். உள்ளே ஜல்லி எதுவும் நிரப்பவில்லை; ஆள் இறங்கித் தூர்வார முடிகிறது என்பதே இதன் பெரிய நன்மை.

ஆனால் இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் நான் மிகவும் மதிப்பது கிணற்றை அல்ல, வாசல் கேட்டுக்கு உட்புறம் குறுக்கே வெட்டிய கம்பிமூடிக் கால்வாயையும் அதன் முனையிலுள்ள வண்டல் தொட்டியையும்தான். மாடியில் விழும் நீர் பெரும்பாலும் தூய்மையானது. வண்டி நிற்கும் சிமெண்டுத் தரையில் ஓடும் நீரோ எண்ணெய்க் கசிவையும் சோப்பு நுரையையும் அள்ளிக்கொண்டு போகிறது. அது தெரு வடிகாலில் விழுந்தால், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தை அடைகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்துக்கு நம் வீட்டு வாசலிலிருந்தே கழிவை அனுப்புகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஐப்பசியின் முதல் பெருமழைக்குப் பின் தொட்டியைத் திறந்தால், கரிய சேற்றின்மேல் வேப்பிலைச் சருகும், பால் பாக்கெட்டின் வெட்டிய மூலைகளும், வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலமும் மிதக்கும். அந்தச் சேற்றை வாரி வெளியேற்றிய பிறகே மிகுநீர் வாழைப் பாத்திக்குப் போகுமாறு விடுகிறோம். முற்றத்து நீரைக் கிணற்றில் விடுவதே இல்லை. மாடிக் குழாயிலும், முதல் மழையின் தூசும் பறவை எச்சமும் வெளியேறும்வரை அடிமூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். கிணற்று மூடியில் கொசுவலை கட்டாயம். புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, வண்டியைப் புல்தரையில் கழுவும் பழக்கம் வந்தபின் தொட்டியில் சேரும் எண்ணெய் கண்கூடாகக் குறைந்தது.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். இந்த அளவுள்ள கிணறு ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். 1,000 சதுர அடி மாடியில் 30 மில்லிமீட்டர் மழை கொட்டினாலே கிட்டத்தட்ட அந்த அளவு நீர் இறங்கிவிடும். மிதமான மழையில், மண் உறிஞ்ச உறிஞ்ச, நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நிலத்தடி நீரே தரைமட்டத்துக்கு வந்துவிட்டதால் கிணறு ஒரு சொட்டும் ஏற்கவில்லை. வெள்ளத்தைத் தடுக்கும் என்று நம்பி இதைக் கட்ட வேண்டாம். புதிதாக வீடு கட்டுவோர், மாடிக் குழாய்க்கு இடம் ஒதுக்கும்போதே, வாசல் நீருக்குத் தனித் தொட்டி வேண்டுமென்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். தரை போட்ட பிறகு உடைத்துக் கட்டுவதற்குச் செலவு கூடும்.