ஒட்டாத எலும்புக்கு மஜ்ஜை ஊசி: கோவை மருத்துவமனை ஒன்றில் என் அனுபவம்

மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம். பில் போடும் கவுண்ட்டருக்கு ஒன்றே அதிகம்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் விபத்தில் கீழ்க்காலின் பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்தார்கள். ஒன்பது மாதம் தாண்டியும் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மறையவில்லை. ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல், புத்தூர் கட்டு என்று யோசனைகள் மட்டும் வீடு தேடி வந்தன.

இந்த மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. கிருமித் தொற்று இல்லை, ராடு ஆடவில்லை, எலும்புகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இல்லை என்று முதலில் உறுதிப்படுத்திக்கொண்டார். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அறுவை சிகிச்சைதான் வழி என்றார். பிரான்சில் எர்னிகூ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வையும் காட்டினார். ஒட்டாத 60 கீழ்க்கால் முறிவுகளில் 53 ஒட்டின. மற்ற ஏழு பேருக்குச் செலுத்திய மஜ்ஜையில் மூல செல்கள் (ஸ்டெம் செல்கள்) குறைவாக இருந்தன. "நீங்கள் அந்த ஏழு பேரில் ஒருவராகவும் ஆகலாம்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே சம்மதித்தேன்.

இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் தடித்த ஊசியை இறக்கி, திசையை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மஜ்ஜையை உறிஞ்சினார். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் வெறும் ரத்தம்தான் வருமாம். அதைச் சுழல் இயந்திரத்தில் செறிவாக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முறிவுக்குள் செலுத்தினார். மறுநாளே வீடு திரும்பினேன். காலைவிட இடுப்புதான் வலித்தது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இதை மருத்துவமனையின் விளம்பரக் கையேட்டில் தேடினாலும் கிடைக்காது.

எலும்பு ஒட்டிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் லேத் முன்னால் நிற்கிறேன். சாயங்காலம் கொஞ்சம் கடுக்கிறது. ஆனால் எலும்பில் பாரம் இறங்கட்டும் என்று ராடின் ஸ்குரூ ஒன்றையும் அன்றே கழற்றியிருந்தார். ஒட்டவைத்தது ஊசியா, ஸ்குரூவைக் கழற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, மருத்துவரும் சொல்லவில்லை.

கவுண்ட்டரில் இருந்தவருக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. 'ஸ்டெம் செல் பேக்கேஜ்' என்று தனித்தொகை. காப்பீட்டில் கிடைத்துவிடும் என்று வாய்மொழி உறுதி. காப்பீட்டு நிறுவனமோ இதைப் பரிசோதனை நிலைச் சிகிச்சை என்று சொல்லிக் கைவிரித்தது. அதே கையேட்டில் சர்க்கரை நோய்க்கும் முடி உதிர்வுக்கும்கூட ஸ்டெம் செல் என்று விளம்பரம்! பணம் கட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

ஊன்றுகோலோடு போகிறவர்கள் பின்வாசலுக்குப் போங்கள். சாய்தளம் அங்கேதான் இருக்கிறது. முன்வாசலில் படிக்கட்டு மட்டும்தான். எலும்பு மருத்துவமனைக்கு இது எப்படித் தோன்றியதோ!