பெரியமேட்டு ரிவால்வர் உறை: சாலைக்குச் சரி, சம்மணத்துக்குச் சரியில்லை

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். எருமைத்தோல், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனம், பட்டை போட்டுப் பதனிட்டது. கால்சட்டைக்குள் செருகி, பெல்ட்டில் கொக்கியால் மாட்டிக்கொள்ளும் வகை. விலை 1,850 ரூபாய். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வருக்கென்று அளவெடுத்துத் தைத்தது. அந்த ரிவால்வரை வைத்திருப்பவர்களுக்கு அதற்கேற்ற உறை கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். நான் பார்த்த ஆயுதக் கடைகளில் தொங்குபவையெல்லாம் மடிப்பு மூடியும் பித்தளைப் பொத்தானும் வைத்து வெளியே தொங்கவிடும் காவலர் பாணி உறைகள். இடுப்பில் என்ன இருக்கிறது என்று எதிர்த் தெருவில் போகிறவனுக்கும் அறிவித்துவிடும். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

ஏன் என்றால், நான் வேலை செய்யும் இடத்தில் துப்பாக்கி கூடாது. படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சௌகார்பேட்டையில் ஒரு நகை மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறேன். பட்டறைக்கும், ஹால்மார்க் மையத்துக்கும், தியாகராய நகர்க் கடைகளுக்கும் நகைப் பையைக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. துப்பாக்கி உரிமம் என் பெயரில், தற்காப்புக்காக, காவல் ஆணையர் அலுவலகம் தந்தது. நான் சேர்ந்து சில காலம் கழித்து எங்கள் சேட் இரண்டு பக்க விதிமுறை ஒன்றை அச்சடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். ‘உரிமம் பெற்றதாயினும் எந்த ஆயுதமும் கடைக்குள் கொண்டுவரக் கூடாது’ என்று அதில் ஒரு வரி. காப்பீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் சேர்த்தது என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். ரிவால்வர் இடுப்பில் இருக்கும்போதேதான் போட்டேன். இந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

தைத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியமேட்டில், சிடன்ஹாம்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, பலகை இல்லாத பட்டறை. வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் உரிமம் புதுப்பிக்கப் போகிறவர்கள் வேலையை முடித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செருப்பு, குதிரைச் சேணம், சிதார் உறை என்று எதைக் கொடுத்தாலும் தைப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “லைசென்ஸ் நகல் இருக்கிறதா சார்?” இரண்டாவதாக, “துப்பாக்கியை இங்கே கொண்டு வராதீர்கள். கொண்டுவந்தாலும் நான் தொடமாட்டேன்.” உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அதை எனக்கு முன்பே அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தேக்கில் செதுக்கிய மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே ரிவால்வர், மூன்று அங்குலக் குழல், விசையைச் சுற்றிய காப்பு வளையம், பின்னால் தோட்டாவை அடிக்கும் சுத்தி எல்லாம் அச்சாக இருந்தது. யாரோ ஒரு பண்ணையாருக்காக அவருடைய வாப்பா காலத்தில் செய்ததாம்.

தோலை நனைத்து, அந்த மரத்துப்பாக்கியின் மேல் இழுத்து, எலும்புக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வடிவம் கொண்டுவந்து, நிழலில் காயவிட்டுத்தான் தைக்கிறார். அதனால் ரிவால்வர் உள்ளே போகும்போது ஒரு சின்னப் பிடிப்பு தெரிகிறது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் விழுவதில்லை. விசை முழுவதும் தோலுக்குள் மறைந்துவிடுகிறது. விரலோ சட்டை நுனியோ அங்கே போக வழியே இல்லை. உறை என்பதற்கு இதைவிட முக்கியமான வேலை கிடையாது. சுத்திக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தோல் நாக்கு நிற்கிறது. துணி மாட்டாது, உடம்பில் உரசாது. வாய்ப்பகுதியில் இன்னொரு பட்டை தைத்திருப்பதால் துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்கிறது. ஒரு கையால் திரும்ப வைக்கலாம். இவ்வளவும் நான் கேட்காமலேயே செய்தவை.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதை உடம்போடு சேர்ந்த உறையில், முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த அளவுகோலில் பாய் தைத்த உறைக்கு நூற்றுக்கு நூறு. இருசக்கர வண்டியில் யானைகவுனி வழியாகவோ, அண்ணா சாலை வழியாகவோ போகும்போது அது இருப்பதே மறந்துவிடுகிறது. பள்ளத்தில் வண்டி குதித்தாலும் அசையாது. மெட்ரோவில் போகலாமே என்று கேட்கிறவர்களுக்கு: நிலைய வாசலில் சோதனை உண்டு, துப்பாக்கியோடு உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வெயிலானாலும் மழையானாலும் வண்டிதான்.

சாலையில் நூறு வாங்கிய இந்த உறை கடைக்குள் வந்ததும் தேறவில்லை. பாதி குறை உறையுடையது, பாதி என் நிலைமையுடையது.

எங்கள் கடையில் நாற்காலி கிடையாது. பழைய சேட் கடைகளில் இருப்பதுபோல் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. எல்லோரும் சம்மணமிட்டு உட்கார வேண்டும். வலது பின்இடுப்பில் உறையை மாட்டிக்கொண்டு சம்மணமிட்டால் குழல் நுனி தொடை எலும்பிலும் பிடியின் முனை விலாவிலும் குத்துகிறது. முன்பக்கம் நகர்த்தினால் குனிந்து தராசைப் பார்க்க முடியவில்லை. நிற்பவனையும் நடப்பவனையும் மனத்தில் வைத்துத் தைத்த உறை இது. பாயிடம் சொன்னபோது, “சம்மணம் போடுகிற ஆளுக்குத் துப்பாக்கி எதற்கு சார்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது கழிப்பறை. இதை எந்த உறை விற்பனைக்காரனும் பேசுவதில்லை. ஆனால் இடுப்பில் துப்பாக்கியோடு நாள் முழுவதும் இருக்கிறவனுக்கு இதுதான் முதல் கேள்வி. மூன்றாவது மாடியில், நான்கு கடைகளுக்குப் பொதுவான, குந்தி உட்காரும் கழிப்பறை. சுவரில் ஆணி கூட இல்லை. பெல்ட்டைத் தளர்த்தினால் எழுநூறு கிராம் இரும்பும் ஆறு தோட்டாக்களும் ஒரு பக்கமாக இழுக்கின்றன. கொக்கி நழுவினால் எங்கே விழும் என்று சொல்லவேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டால், அடுத்து உள்ளே போகிறவன் பக்கத்துக் கடையின் பதினெட்டு வயதுப் பையன். அதனால் எது நடந்தாலும் உறையை உடம்பிலிருந்து கழற்றுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். அனுமதியோடு கொண்டுவருகிறவன் உள்ளே நுழைந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பான். மறைத்துக் கொண்டுவருகிறவனுக்கு அதை இறக்கி வைக்க இடமே கிடையாது. மேசை இழுப்பறையில் வைத்தால் கணக்குப்பிள்ளை திறப்பார், வண்டிப் பெட்டியில் வைத்தால் எவனும் உடைப்பான்.

கணக்குப்பிள்ளை என்றதும் நினைவு வருகிறது. ஒருநாள் பேச்சுவாக்கில் முதுகில் தட்டியவர் கை கொக்கியில் பட்டுவிட்டது. “என்ன அண்ணே இது?” என்றார். இடுப்பு வலிக்குப் பட்டை போட்டிருக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நொச்சித் தைலம், சூடான ஒத்தடம், புத்தூர்க் கட்டு என்று ஆளுக்கொரு வைத்தியம். சேட்டும் தன் பங்குக்கு, மெத்தையில் எனக்கு மட்டும் ஒரு திண்டு போடச் சொன்னார். அந்தத் திண்டால் சம்மண உபத்திரவம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் விமர்சனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியர்வை. சென்னையில் எந்தத் தோல் பொருளுக்கும் இதுதான் பரீட்சை. உடம்போடு ஒட்டும் பக்கத்தில் பாய் மென்தோல் அடித்திருக்கிறார். தொடுவதற்கு இதம், ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு விடவே மாட்டேன் என்கிறது. சித்திரை வெயிலில் மாலைக்குள் ஊறிவிடுகிறது. பட்டையில் பதனிட்ட தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்துக்கும் இரும்புக்கும் ஆகாது. ஈரமும் சேர்ந்தால் நீலம் பூசிய எஃகில் முதலில் கருமை, பிறகு துரு. தோட்டாக்கள் இருக்கும் உருளையின் ஒரு பக்கம் கடுகளவு புள்ளிகள் வந்த பிறகு நான் கண்டுபிடித்த முறை: வீட்டுக்கு வந்ததும் ரிவால்வரை வெளியே எடு, தோட்டாக்களை இறக்கு, எண்ணெய்த் துணியால் துடை, இரும்பு அலமாரியில் பூட்டு. உறை தனியாகக் காற்றாடட்டும். இரவில் துப்பாக்கியை உறையிலேயே வைத்திருக்காதீர்கள். கொக்கிக்குப் பூசிய முலாமும் ஒரு கோடைக்கே உரிந்துவிட்டது. பாய் காசு வாங்காமல் பித்தளையில் மாற்றிக்கொடுத்தார்.

டல்லஸில் இருக்கும் என் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த உறை ஒன்றைக் கொண்டுவந்தான். வியர்வை உறிஞ்சாது, எடையும் இல்லை. அருமையான பொருள். ஆனால் அந்நாட்டு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வருக்கு வார்த்தது. கான்பூர்க்காரனை உள்ளே விட்டால் கடகடவென்று ஆடுகிறான். அங்கேயும் அலுவலகங்களில் இதே தகராறு உண்டு என்றான். கட்டடத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று முதலாளி சொல்லலாம். ஆனால் டெக்சஸில் 2011-இல் வந்த சட்டப்படி, வாகன நிறுத்தத்தில் பூட்டிய காருக்குள் ஊழியர் வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்க முடியாது. புளோரிடாவில் 2008-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டதாம். சௌகார்பேட்டையில் கார் நிறுத்த இடம் இருந்தால் நானும் அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டிருப்பேன்.

2024 மக்களவைத் தேர்தலின்போது, வழக்கம்போல, உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்து ரசீது வாங்கினேன். தேர்தல் முடிந்து திரும்பக் கைக்கு வரும்வரை உறை அலமாரியில் வெறுமனே தொங்கியது. எடுத்துப் பார்த்தபோது பூஞ்சை பூத்து, வாய் இறுகிவிட்டிருந்தது. மரத்துப்பாக்கியை உள்ளே விட்டு இரண்டு நாள் வைத்து பாய்தான் சரிசெய்தார். உங்களுக்கும் அப்படி இடைவெளி வந்தால் பழைய செய்தித்தாளை இறுகச் சுருட்டி உறைக்குள் திணித்து வையுங்கள். அந்த இடைவெளியிலும் நகைப் பை அதே தெருக்களில் என்னோடு போனது, அதே கடைகளுக்குச் சேர்ந்தது. சம்மணமும் கழிப்பறையும் சுலபமாக இருந்தன. வண்டியில் போகும்போது மட்டும் பின்னால் வருகிறவனைக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தேன்.

சேட்டின் விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த மெத்தையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். மற்ற ஏழு பேருக்கும் என் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தால் இருவராவது வேறு வேலை தேடுவார்கள். அது அவர்கள் உரிமை. தவிர, என் உரிமம் என் உயிருக்காகத் தந்தது, சேட்டின் தங்கத்துக்காக அல்ல. ஆனால் தங்கப் பை என் தோளில் தொங்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்த்து எவன் வழிமறிப்பான்? விதி எழுதியவர்கள் கடை வாசலுக்கு உள்ளே மட்டும் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் தூரத்துக்கு ஒரு வரி கூட அதில் இல்லை. வாசலில் ஒரு இரும்புப் பெட்டி, ஒரே சாவி, வருகைப் பதிவில் ஒரு கையெழுத்து. இவ்வளவு இருந்தால் நான் சம்மணமிட இந்த உறையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வேறு யாருக்கோ கேட்பதுபோல் சேட்டிடம் கேட்டுப் பார்த்தேன். காப்பீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை பூட்டியிருக்கும். உரிமத்தின் நகல் இல்லாமல் போனால் டீ மட்டும் கிடைக்கும். பேரம் பேசாதீர்கள், குறைக்கமாட்டார். ஆனால் தையல் விட்டால் எப்போது போனாலும் இலவசமாகப் போட்டுத்தருவார். உள்ளே மென்தோல் வேண்டாம், வழவழப்பான பக்கமே உடம்பைப் பார்க்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறைந்த பெல்ட் இந்த எடையைத் தாங்காது, அதையும் அவரிடமே வாங்கலாம். கறுப்பு நிறம் கேட்காதீர்கள். சாயம் வியர்வையில் கரைந்து பனியனில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது.