பழைய ஃபார்ச்சூனரா, புது ஸ்கார்பியோ-என்னா? கடலோரத்துக்காரர்களுக்கு ஓர் அலசல்

கடலூர், புதுச்சேரி பக்கம் கூடாரம், தண்ணீர் கேன், அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு காடு மேடு சுற்ற ஃபோர் வீல் டிரைவ் தேடினால் கடைசியில் நிற்பது இரண்டுதான். ஒன்று, 2016 இறுதியில் வந்த தலைமுறை ஃபார்ச்சூனர், செகண்ட் ஹேண்டில். இன்னொன்று, கிட்டத்தட்ட அதே பணத்துக்குப் புது ஸ்கார்பியோ-என் டீசல். நான் எடுத்தது ஸ்கார்பியோ-என்.

இரண்டுமே லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி தனிச் சேசிஸ்), இரண்டிலும் மெதுவாக இழுத்து ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் உண்டு. பண்ருட்டி முந்திரித்தோப்புச் செம்மண் பாதையும் தென்பெண்ணை மணலும் எதற்கும் பெரிய சோதனை இல்லை. மணலில் டயர் காற்றை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கி, தார் ரோடு ஏறும் முன் மறுபடி நிரப்பினால் போதும். டேங்கில் ஃபார்ச்சூனருக்கே ஜெயம்: 80 லிட்டர், ஸ்கார்பியோ-என்னில் 57தான். கல்வராயன் மலைப் பக்கம் இரண்டு நாள் போனால் இது நன்றாகவே தெரியும்.

ஆனால் இந்தக் கரையில் முடிவு செய்வது துருதான். சேசிஸ் சட்டம் உள்ளே கூடாக இருக்கும். ஓட்டைகள் வழியே போன மணலும் உப்பும் அங்கேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். பழைய வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பின்சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், பிரேக் பைப் கிளிப் மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்று கேட்டாலோ செதிலாக உதிர்ந்தாலோ வேண்டாம். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்றும் பார்க்க வேண்டும்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரியும், கார்ப்பெட்டுக்கு அடியில் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும்.

புது வண்டியில் இந்தக் கணக்கு நம் கையில். முதல் ஐப்பசி மழைக்கு முன்பே சேசிஸ் ஓட்டைகள் வழியே மெழுகு வகை துருத்தடுப்பு ஸ்ப்ரே அடித்துவிடலாம். சாமியார்பேட்டைக் கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே அடிப்பாகம் கழுவ வேண்டும். எஞ்சின் அடித்தகட்டைக் கழற்றினால் அதன் மேல் மணல் குவிந்திருக்கும். கடற்கரை ஓரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதில் கழுவிப் பயனில்லை. நல்ல தண்ணீர் உள்ள சர்வீஸ் ஸ்டேஷன் வரை போங்கள்.

ஸ்கார்பியோ-என்னின் குறை டிபிஎஃப், அதாவது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி. கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் மட்டும் ஓட்டினால் கரி அடைக்கும். இடையிடையே ஹைவேயில் அரை மணி நேரமாவது ஒரே சீராக ஓட விட வேண்டும். இன்னொன்று, இது 2022-இல்தான் வந்தது. பத்து வருஷ உப்புக்காற்றை எந்த ஸ்கார்பியோ-என்னும் இன்னும் தாண்டவில்லை. அந்தச் சோதனையில் நின்ற பழைய ஃபார்ச்சூனர்கள், ஒழுங்காகப் பராமரித்தவை, இங்கே ஓடுகின்றன. உள்நாட்டு மாவட்டத்தில் ஓடிய, சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக உள்ள ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிஒய் நம்பர் (புதுச்சேரிப் பதிவு) வண்டி என்றால் அங்கிருந்து வாங்கும் என்ஓசி என்ற தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு சாலை வரியும் சேர்த்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.