பிரிக்பீல்ட்ஸில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு பல்லூடக வகுப்பின் மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனைப் பார்த்தபடி நிற்கும் கடைவீடொன்றின் இரண்டாம் மாடியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்தப்பட்ட பல்லூடக வகுப்புக்கு நான்கு சனிக்கிழமைகள் சென்றுவந்தேன். கட்டணம் 320 ரிங்கிட். ஒலிப்பதிவுக்கு ஓடாசிட்டி, படங்களுக்குக் கேன்வா, பிறகு காணொலித் தொகுப்பு, கடைசி நாளில் இணையப் புதிர்ப் பயிற்சிகள் என்பது பாடத்திட்டம். ஒலிப்பதிவு வகுப்புக்கு மட்டும் அதே கட்டணத்தை மீண்டும் கேட்டாலும் தயங்காமல் கொடுப்பேன். மற்ற மூன்று நாள்களைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முதல் நாள் பயிற்றுநர் எந்த விளக்கமும் தராமல், ஆளுக்கு ஓர் ஒலிவாங்கியைக் கொடுத்து, ஆண்டு 2 மாணவர்களுக்கான கதையொன்றை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னார். பதிவைத் திரும்பக் கேட்டபோது என் குரலுக்கு அடியில் குளிர்சாதனத்தின் இரைச்சல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நரி திராட்சையைப் பார்க்கும் இடத்தில் வெளியே மோனோரயில் ஒன்று கடந்து சென்றது. "இந்த ரெண்டு சத்தத்துல எதை எடுக்க முடியும், டீச்சர்?" என்று பயிற்றுநர் என்னிடம் கேட்டார். மெல்லிய இரைச்சலைத்தான் நீக்குவது கடினம் என்று நான் எண்ணியிருந்தேன். நடந்தது நேர்மாறு. ஓடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் வசதிக்கு, பேச்சே இல்லாத சில விநாடிகளை முதலில் மாதிரியாகத் தேர்ந்து காட்ட வேண்டும். அந்த மாதிரியில் உள்ள ஓசையை அது பதிவு முழுவதிலும் தேடித் தணிக்கிறது. ஆகவே ஒரே சீராக ஒலிக்கும் குளிர்சாதனமும் மின்விசிறியும் அடங்கிவிடுகின்றன; எழுந்து தேய்ந்து மறையும் மோனோரயில் அடங்குவதில்லை. அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி வாய் திறக்காமல் இருக்கும் பழக்கம் அன்று முதல் எனக்கு ஒட்டிக்கொண்டது.

கோப்புகளைப் பற்றியும் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஓடாசிட்டி சேமிக்கும் ஏயுபி3 கோப்பு வேலைக்கான கோப்பே தவிர, எல்லாக் கருவிகளிலும் ஒலிக்கும் ஒலிக்கோப்பு அன்று. என் பக்கத்து இருக்கை ஆசிரியை அதனை விரலியில் (பென் டிரைவ்) நகலெடுத்துச் சென்று, பள்ளிக் கணினியில் ஒலிக்கவில்லை என்று மறுவாரம் திகைப்புடன் வந்தார். ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு வேவ் வடிவில் ஏறத்தாழ 10 மெகாபைட் இருக்கும். 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் ஏறத்தாழ 1 மெகாபைட்டாகச் சுருங்கிவிடும். பெற்றோருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாம் வாரம் முதல் வகுப்பு தளர்ந்தது. கேன்வா நாளில் ஆயத்த வார்ப்புருக்களில் படத்தை மாற்றுவதிலேயே மூன்று மணி நேரம் கழிந்தது. பள்ளி ஆசிரியர்களுக்குக் கேன்வா கல்விக் கணக்கை இலவசமாக வழங்குகிறது என்பதை எவரும் குறிப்பிடவில்லை. சாதாரணக் கணக்கில் நீர்க்குறி விழுந்த படங்களைச் சுற்றிச் சுற்றி நாங்கள் வேலை செய்தோம். ஆசிரியர்களுக்கென்றே அறிவிக்கப்பட்ட வகுப்பில் இது கவனக்குறைவு என்றே சொல்வேன்.

காணொலி நாளில் நேர்ந்தது இன்னும் மோசம். தலைப்பில் "கொடி" என்று தட்டச்சு செய்தால், கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து வரிசையாக நின்றன. பயிற்றுநர் அதை எழுத்துருவின் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிட்டார். எழுத்துருவின் மேல் குற்றமில்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை ககரத்தின் முன்னே கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மென்பொருளில் எந்த எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் உடைந்துதான் தெரியும். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில், தமிழாசிரியர்கள் நிறைந்த அறையில், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்காதது எனக்கு உறுத்தியது. நான் பிறகு வீட்டில் கண்ட வழி எளியது: தலைப்பைக் கேன்வாவில் எழுதி, பின்னணி இல்லாத படமாகப் பதிவிறக்கி, காணொலியின் மேல் ஒட்டிவிடுவது. பின்னணியை நீக்கிப் பதிவிறக்கும் வசதி இலவசச் சாதாரணக் கணக்கில் கிடையாது, கல்விக் கணக்கில் உண்டு என்பதால் முந்தைய வாரத்துக் கவனக்குறைவு இங்கும் வந்து இடித்தது.

புதிர்ப் பயிற்சி நாள் குறையில்லை. ஆனால் வீட்டிலேயே ஒரு மாலையில் பழகிவிடக்கூடியவை அவை. குறிப்பேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கணினிகள் நன்றாக இயங்கின, தேநீரும் நன்றாகவே இருந்தது.

பாடங்களைக் குரலில் பதிந்து மாணவர்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் இவ்வகுப்பில் சேரலாம். காணொலியை நம்பிச் சேர்பவர்கள், பணம் கட்டும் முன் அங்குள்ள கணினியில் "கொடி" என்று ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்துக்கொள்வது நல்லது.