பலாவா, படாக்கா? செமி ஹாலோ கிட்டார் உடலுக்கு மரம் தேடியபோது

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சொந்தமாக ஒன்று செய்துவிட வேண்டும் என்ற கிறுக்கு பிடித்தபோது மனதில் நின்றது படாக் மரம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வருவது, இழைத்த பலகையைப் பார்த்தால் காவியும் குங்குமமும் குழைத்துப் பூசியது போல இருக்கும். முதல் உடலை அதில் செய்தேன். இரண்டாவதை, பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த பலா உத்தரத்தில் செய்தேன். இப்போது ஆலயத்துக்கு எடுத்துப் போவது இரண்டாவதைத்தான்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் குடைந்த கிட்டார் இனிமையாக ஒலிக்கும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி காலடியில் இருந்தால் ஊளையிடத் தொடங்கிவிடும். கிப்ஸன் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த இஎஸ்-335 என்ற கிட்டார் இதற்கு வழி கண்டது: நடுவில் கழுத்திலிருந்து அடிவரை கெட்டியான மேப்பிள் கட்டை, இரு பக்கமும் வெற்றிடம். செமி ஹாலோ என்பது இதுதான். அதன் மேலும் கீழும் உள்ள பலகைகள் மெல்லிய தகடுகளை அடுக்கி, அச்சில் வைத்து அழுத்தியவை. அந்த அச்சும் அழுத்து பொறியும் நம் ஊர்ப் பட்டறையில் இல்லை. 1968-இல் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைன் வழிதான் நமக்குச் சரி. கெட்டிப் பலகையை ரூட்டர் என்ற குடையும் இயந்திரத்தால் குடைந்து, நடுப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மேலே மூடி ஒட்டிவிடலாம். இரண்டையும் அப்படித்தான் செய்தேன்.

இனி எடை. டெலிகாஸ்டர் அளவில், 45 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் உடலுக்கு ஏறக்குறைய நாலரை லிட்டர் மரம் வேண்டும். படாக் லிட்டருக்கு முக்கால் கிலோ வரும். நன்றாகக் காய்ந்த பலா அறுநூறு கிராம் அளவில் நிற்கும். குடைவதற்கு முன்னால் ஒன்று 3.4 கிலோ, மற்றது 2.7 கிலோ. மூன்றில் ஒரு பங்கைக் குடைந்தெடுத்தாலும் அரைக் கிலோ வித்தியாசம் மிஞ்சுகிறது. அரைக் கிலோ ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் பெரிய வெள்ளி ஆராதனை முழுவதும் அதைத் தோளில் மாட்டி நிற்க வேண்டும். ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், இன்னும் கனம், லிட்டருக்கு எண்ணூறு கிராமுக்கு மேல். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடிக் கச்சேரியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது ஈட்டியில் செய்த டெலிகாஸ்டர்தான். படத்தில் அழகாக இருக்கிறது. அவர் தோளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

படாக்கின் உண்மையான குணம் உப்புத்தாள் பிடிக்கும்போதுதான் தெரிந்தது. நடுக்கட்டையில் அழகுக்காக வெளிறிய மேப்பிள் பட்டை ஒன்று வைத்திருந்தேன். தேய்க்கத் தேய்க்கச் செந்தூள் பறந்து மேப்பிளின் நுண்துளைகளில் இறங்கி, பட்டை முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது. எட்டிப் பார்த்த ஆசாரி, “மக்களே, இது மரமா, குங்குமமா?” என்று கேட்டார். துணியால் துடைத்தால் இன்னும் பரவியது. கடைசியில் காற்றுக்குழாயால் ஊதி, பட்டைமேல் மட்டும் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச்சு அடித்துவிட்டுத் தேய்த்தோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த அந்தச் சிவப்பு நிற்பதுமில்லை. வெளிச்சம் பட்டுப் பட்டு, படாக் மெல்ல மெல்லப் பழுப்பாகிறது. பலா நேரெதிர். அறுத்த அன்று மஞ்சளாக, கொஞ்சம் பச்சையாகக்கூடத் தோன்றும். வருடம் போகப் போகத் தேன் நிறம் ஏறும். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது. வைரம் பாய்ந்த பலா எப்படிக் கனிகிறது என்று பார்க்க நினைப்பவர்கள் தக்கலைக்கு பஸ் ஏறினால் போதும்.

பலாவிலும் தொல்லை உண்டு. உத்தரத்துக்குள் முறிந்து கிடந்த ஆணி ஒன்று என் ரூட்டர் பிட்டின் பல்லைத் தின்றுவிட்டது. ஆணியைச் சுற்றி மரமும் கறுத்திருந்தது. பழைய மரத்தின் மேல் காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் இயந்திரம் வைக்காதீர்கள். புதிதாக வெட்டிய பலா என்றால் அவசரப்படவே கூடாது. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டம் இது. ஈரம் போகாத பலகையில் ஒட்டிய மூடி அடுத்த கோடையிலேயே வாய் பிளக்கும்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயனி பலாவுக்குச் சொந்தக்காரன். வள்ளம் செய்யும் மரம், நேராக வளரும், நல்ல தேர்வு. மகோகனி உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். ஆனால் வீட்டு வளவில் அவசரமாக வளர்ந்த இளமரம் என்றால் நிறம் வெளிறி, மென்மையாக இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை; ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. ரசீது இல்லாத ஈட்டிப் பலகையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படாக்கிலும் காகித வேலை உண்டு. நம் வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரங்களை 2022 பனாமா மாநாட்டில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பலகையாக இறக்குமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒலி? இரண்டிலும் ஒரே பிக்கப், ஒரே கம்பி, கடையில் வாங்கிய ஒரே வகை மேப்பிள் கழுத்து. கண்ணை மூடிக் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதானே என்று சிலர் பூரிக்கிறார்கள். அங்கே மரமே ஒலிக்கிறது. இங்கே பிக்கப்பின் காந்தம் கம்பியின் அசைவைப் பிடிக்கிறது.

படாக்கின் சிவப்பை விடவே முடியாது என்பவர்கள் உடலைப் பலாவில் குடைந்துவிட்டு, மூடிக்கு மட்டும் 4 மில்லிமீட்டர் படாக் தகடு வாங்கலாம். எடையும் ஏறாது, செலவும் கையைக் கடிக்காது. மூடியில் வரும் எஃப் வடிவ ஒலித்துளையை, மூடியை ஒட்டுவதற்கு முன்பே அறுத்து, உள்விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். ஒட்டியபின் அந்தச் செந்தூள் உள்ளே விழுந்தால், ஒவ்வொரு முறை கிட்டாரைக் கவிழ்க்கும்போதும் வெள்ளைச் சட்டையில் கொட்டும்.