அமராக் 3-ஆ, ஸ்ட்ராபெரியா?

வீட்டுக் கணினியில் லினக்ஸ் வைத்துக்கொண்டு, சேர்த்து வைத்த பாட்டுக் கோப்புகளைத்தான் இன்னும் கேட்கிறீர்கள் என்றால் இந்த இரண்டு பாட்டு மென்பொருள்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2018-க்குப் பிறகு பேச்சுமூச்சில்லாமல் கிடந்த அமராக், 2024 ஏப்ரலில் 3.0 பதிப்போடு எழுந்து வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஸ்ட்ராபெரியும் அந்த வம்சம்தான்: அமராக் 1.4-இன் வழியில் கிளமென்டைன் என்ற இன்னொரு பாட்டு மென்பொருள் வந்தது, அதிலிருந்து 2018-இல் ஸ்ட்ராபெரி பிரிந்தது.

அமராக்கின் பலம் அந்த நடுப்பகுதி. இடப்பக்கம் தொகுப்பு, வலப்பக்கம் பட்டியல், நடுவில் ஓடும் பாட்டின் வரிகளோ விக்கிப்பீடியா பக்கமோ. படித்துக்கொண்டே கேட்பவர்களுக்கு அது சுகம், ஆனால் சின்னத் திரையில் நெரிசல்.

ஸ்ட்ராபெரியில் எனக்குப் பிடித்தது ஒலி. அமைப்புகளுக்குள் போய் ஆல்சாவை (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) வெளியீடாகத் தேர்ந்து, ஒலிக்கருவியை நேரடியாகக் காட்டிவிட்டால், நடுவில் வேறு எந்த ஒலிக் கலவையும் புகாமல் ஃபிளாக் கோப்பு (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) உள்ளபடியே போய்ச் சேரும். தனி டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். அப்புறம், சினிமாப் பாட்டு நிறைய இருந்தால் தொகுப்பை முதலில் இசையமைப்பாளர், அதற்குள் ஆல்பம் என்று அடுக்குங்கள்; பாடகர் பெயரில் அடுக்கினால் ஒரே படத்தின் பாட்டுகள் நாலு இடத்தில் சிதறிவிடும். அமராக்கிலும் இது முடியும்.

தினசரிக்கு நான் ஸ்ட்ராபெரிதான் வைத்திருக்கிறேன். வரிகளோடு உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் அமராக்.